இளையர் குழுவுக்கு டிராகன் படகுப் பயிற்சி: ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியவை

டிராகன் படகில் ஏறும் 22 பேரில், முன்னால் விரிந்திருக்கும் நீரைத் தடையின்றிப் பார்க்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. முன்முனையில் உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும் முரசடிப்பவர், பின்புறம் திரும்பித் துடுப்பாளர்களைப் பார்த்தபடி இருப்பார். துடுப்புப் போடும் 20 பேரும் முன்னிருப்பவரின் தோளையும் முதல் வரிசையின் துடுப்பையும் கவனித்துத்தான் தாளம் பிசகாமல் இழுப்பார்கள். பின்முனையில் நின்று நீண்ட சுக்கான் துடுப்பைப் பிடித்திருக்கும் சுக்கானிக்கோ, 20 தலைகளையும் ஒரு முரசையும் தாண்டிப் படகின் மூக்குக்கு நேரெதிரே இருப்பது சரியாகத் தெரியாது. இப்படி ஒரு படகில் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும்போது, அவர்களுக்காகப் பார்க்க வேண்டியதும் எண்ண வேண்டியதும் கரையில் நிற்கும் நம்முடைய வேலையாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் சமூக மன்ற இளையர் குழுக்களுக்கும் தொண்டூழிய அமைப்புகளுக்கும் அரைநாள் டிராகன் படகுப் பயிற்சி ஏற்பாடு செய்து வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நான் மனத்தில் வைத்திருப்பது 13 முதல் 18 வயதுக்குட்பட்ட, முன்பின் துடுப்புப் பிடித்திராத ஐம்பது அறுபது பேர் கொண்ட குழுவை. போட்டிக்குத் தயாராகும் பள்ளி அணிகளுக்குப் பயிற்றுநர்களும் நடைமுறைகளும் ஏற்கெனவே இருக்கும்; வார இறுதியில் ஒருநாள் வந்து போகும் குழுவுக்குத்தான் அவை இருப்பதில்லை.

படகைப் பற்றிச் சில கணக்குகளை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அனைத்துலகப் போட்டிகளில் பயன்படும் பெரிய படகு, அலங்காரத் தலையும் வாலும் இல்லாமலே, ஏறக்குறைய 12.5 மீட்டர் நீளமும் சுமார் 250 கிலோ எடையும் உள்ளது. அதில் 55 கிலோ சராசரி எடையுள்ள 22 இளையர் ஏறினால் மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை டன் ஆகிறது. அந்த எடை வேகம் பிடித்த பிறகு, 'நிறுத்து' என்று கத்தியவுடன் நின்றுவிடாது. பத்துத் துடுப்பாளர்கள் மட்டும் அமரும் சிறிய படகும் உண்டு; குழுவில் 13, 14 வயதுப் பிள்ளைகள் மிகுதியாக இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். படகு சிறியதாக இருந்தால் எண்ண வேண்டிய தலைகளும் குறைவு.

இடமும் வானிலையும்

இந்த விளையாட்டில் நம் பகுதியில் நேர்ந்த இரண்டு பெருந்துயரங்களை ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2007 நவம்பர் 23ஆம் தேதி, கம்போடியாவின் புனோம் பென் நகரில் தொன்லே சாப் ஆற்றில் நடந்த நீர்த் திருவிழாப் போட்டியில் கலந்துகொண்ட சிங்கப்பூர்த் தேசிய அணியின் படகு கவிழ்ந்து, 22 பேரில் 5 பேர் உயிரிழந்தனர். போட்டி முடிந்த பிறகு, ஆற்றின் வேகமான நீரோட்டம் அந்தப் படகைக் கரையோர மிதவை மேடையை நோக்கி இழுத்துச் சென்றுவிட்டது. அவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. 2010 ஜனவரி 17ஆம் தேதி, பினாங்கில் பள்ளி அணி ஒன்று கடலில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது இழுவைப் படகொன்றுடன் மோதிக் கவிழ்ந்ததில், ஆசிரியரும் மாணவர்களுமாக 6 பேர் இறந்தனர். முதல் நிகழ்வில் படகில் இருந்தவர்கள் நாட்டின் மிகச் சிறந்த துடுப்பாளர்கள். அவர்களது திறமை அந்த நீரோட்டத்தை வெல்லவில்லை என்பதை, "எங்கள் பிள்ளைகள் நன்றாக நீந்துவார்கள், அங்கி எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

ஆகவே, ஓடும் நீரும் கப்பல் போக்குவரத்தும் உள்ள இடத்தில் புதியவர்களை இறக்கவே கூடாது. சிங்கப்பூரில் இதற்கு வழி எளிது. பிடோக் நீர்த்தேக்கத்தில் அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை. காலாங் பேசினில் ஒரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்த பிறகு அதுவும் நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகி அமைதியாகிவிட்டது. இரண்டில் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிடோக்தான். காலாங்கில் வார இறுதிக் காலைகளில் அணிகளின் நெரிசல் மிகுதி. அனுபவமுள்ள படகுகள் வேகமாக வரும் தடத்தில், நேராகப் போகத் தெரியாத படகொன்று குறுக்கே நின்றுவிட்டால் தவறு யாருடையது என்று பேசிப் பயனில்லை.

எந்த இடமானாலும், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு நீங்களே நேரில் போய், நிகழ்ச்சி நடக்கவிருக்கும் அதே நேரத்தில் ஓர் அரைமணி கரையில் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மிதவை மேடையில் ஒரே நேரத்தில் எத்தனை படகுகள் அணைய முடியும், கட்டிவைத்த படகுகளும் மிதவைக் குண்டுகளும் எங்கே இருக்கின்றன, ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வாயில் வழியாகத் தண்ணீர்க்கரை வரை வரும், இதயத்துடிப்பை மின்னதிர்வால் மீட்கும் நெஞ்சதிர்வுக் கருவி (AED) எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடைக்குச் செல்லும் வழியின் பெயரையும் வாயில் எண்ணையும் தெளிவாக எழுதி, அவசர உதவி எண் 995ஐ அழைக்கும் பொறுப்புள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் 'பிடோக் நீர்த்தேக்கம்' என்று மட்டும் சொன்னால் போதாது. அதன் சுற்றுப்பாதையே நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 8 மணி முதல் 11 மணி வரை என்பதே என் முதல் தேர்வு. பிற்பகலில் இடிமழை கட்டிக்கொண்டு வருவது இங்கே வழக்கம். அதற்காகக் காலை முழுவதும் பத்திரமானது என்று நினைத்துவிட வேண்டாம்: ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலையொட்டி அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று, சில நிமிடங்களில் நீர்ப்பரப்பைப் புரட்டிப் போட்டுவிடும். மின்னல் அபாய எச்சரிக்கையை நாம் 'கேட் ஒன்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். தேசிய சேவையில் அந்தச் சொல் பழகிய தொண்டூழியர் ஒருவரிடம் அதைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தால் அவருக்கு விளக்கவே வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒலி கேட்ட பிறகு படகுகளைத் திருப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். புதியவர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மீட்டர்தான் போவார்கள். 500 மீட்டர் தொலைவிலிருந்து திரும்ப ஐந்து நிமிடம், மூன்று படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் அணைந்து எல்லாரும் இறங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். வானம் ஒரு பக்கமாகக் கறுக்கத் தொடங்கும்போதே திரும்பும்படி கொடி காட்டுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மறுபடி நீரில் இறங்கலாம்.

புகைமூட்டக் காலத்தில் 24 மணி நேரக் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் நான் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிடுவேன். வெப்பத்துக்கும் இப்போது அதிகாரபூர்வ அளவு இருக்கிறது: 2023 முதல் வெளியிடப்படும் வெப்ப உளைச்சல் அறிவுரையில், ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 31 பாகையைத் தொட்டால் நடுத்தர நிலை, 33ஐத் தொட்டால் உயர்நிலை. நடுத்தர நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். உயர்நிலையில் புதியவர்களைப் படகில் ஏற்றாமலிருப்பதே நல்லது. நீரின் நடுவே நிழல் கிடையாது, அங்கியின் உள்ளே காற்றும் புகாது.

யார் ஏறலாம், யார் உடன் இருக்க வேண்டும்

விண்ணப்பப் படிவத்தில் 'நீச்சல் தெரியுமா?' என்று கேட்டால் எல்லாரும் 'தெரியும்' என்றுதான் எழுதுவார்கள். தொடக்கப்பள்ளியில் சுவிம்சேஃபர் என்னும் நீச்சல் பயிற்சிக்குப் போய் வந்தவர் பலர்; ஆனால் அதன்பின் ஆறேழு ஆண்டுகள் நீச்சல் குளத்தின் பக்கமே போகாதவர்களும் அவர்களுள் உண்டு. அதனால் இரண்டு வாரம் முன்பே நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சோதித்துவிடுங்கள். சட்டையும் கால்சட்டையும் அணிந்தபடி 50 மீட்டர் நீந்துவது, இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் மிதப்பது, பிறகு உயிர்காப்பு அங்கியுடன் குப்புற விழுந்து தானாக மல்லாந்து திரும்புவது ஆகிய மூன்றும் போதும். நீந்தத் தெரியாதவரை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கியுடன் நீரில் விழுந்து எழுந்து சிரிப்பவரை, நன்றாக நீந்துபவர் பக்கத்தில் அமர்த்திப் படகில் ஏற்றலாம். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சுத் திணறிப் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து இழுப்பவர்தான், நீச்சல் தெரிந்தவராகவே இருந்தாலும், அன்று கரையில் இருக்க வேண்டியவர். அவருக்கு நேரம் குறிக்கும் பணியையோ கொடி காட்டும் பணியையோ கொடுத்தால் அவர் மனமும் நோகாது.

உடல்நலக் கேள்விகளைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். வலிப்பு நோய், இதயக் கோளாறு, நீரிழிவு, அண்மையில் தோள்பட்டை நழுவியது, ஆஸ்துமா ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். 'வேறு ஏதேனும் நோய் உண்டா?' என்ற பொதுவான கேள்விக்கு இல்லை என்றே பதில் வரும். வலிப்பு, இதயம் சார்ந்தவற்றுக்கு மருத்துவரின் கடிதம் இல்லாமல் ஏற்றாதீர்கள். ஆஸ்துமா உள்ளவரின் உறிஞ்சுமருந்து கரையில் பைக்குள் கிடந்தால் பயனில்லை. பெயர் எழுதிய நீர்புகாப் பையில் போட்டு அவர் படகின் சுக்கானியிடம் கொடுத்துவிட வேண்டும்.

செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது பாதுகாப்புப் படகு. அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீரில் எத்தனை டிராகன் படகுகள் இருந்தாலும், இயந்திரம் பொருத்திய பாதுகாப்புப் படகு ஒன்றாவது, ஓட்டுநரும் முதலுதவி தெரிந்த ஒருவரும் ஏறிய நிலையில், நீரிலேயே இருக்க வேண்டும். மேடையில் கட்டிவைத்துவிட்டு ஓட்டுநர் காப்பி குடிக்கப் போயிருந்தால் அது பாதுகாப்புப் படகு ஆகாது. சிறிய ரப்பர் படகில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேரைத்தான் ஏற்ற முடியும் என்பதால், ஒரு டிராகன் படகு கவிழ்ந்தால் மீட்பு நாலைந்து நடையாக நடக்கும். அதனால்தான் ஒரு பாதுகாப்புப் படகுக்கு மூன்று டிராகன் படகுகளுக்கு மேல் நான் அனுப்புவதில்லை. அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று 200 மீட்டருக்கு மேல் விலகவும் விடுவதில்லை.

சுக்கானி சான்றிதழும் அந்த இடத்தில் பழக்கமும் உள்ள பெரியவராக இருக்க வேண்டும். இளையர் தலைவரில் ஒருவர் "நான் இரண்டு முறை பிடித்திருக்கிறேன்" என்று முன்வந்தாலும் அன்பாக மறுத்துவிடுங்கள். சுக்கானியின் சொல்லே படகில் இறுதிச் சொல். பயிற்றுநரோ உடன் வந்த ஆசிரியரோ அதற்கு மேல் உத்தரவு கொடுக்கக் கூடாது. ஏற்பாட்டாளராகிய நீங்கள் எந்தப் படகிலும் ஏறக் கூடாது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் கரையில் நிற்க வேண்டும்.

பட்டியல்

அந்தப் பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தவறியவன் நானே. சில ஆண்டுகளுக்கு முன்பு 54 இளையரை மூன்று படகுகளில், படகுக்கு 18 பேராக அனுப்பியிருந்தேன். ஒரு சுற்று முடிந்து இரண்டாம் படகு மேடையில் அணைந்தது. இறங்கியவர்களை எண்ணினேன், 17. மறுபடி எண்ணினேன், 17. சுக்கானியைப் பார்த்தேன், அவர் முகம் வெளிறியது. பாதுகாப்புப் படகை வந்த வழியே திருப்பி அனுப்பினோம். ஒருவர் 995க்கு எண்ணை அழுத்தி விரலை அழைப்புப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூன்றாம் படகு வந்தது; அதிலிருந்து 19 பேர் இறங்கினார்கள். பத்தொன்பதாவது ஆள், தன் சித்தப்பா மகனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக, படகு புறப்படும் நேரத்தில் ஓசைப்படாமல் மாறி ஏறியிருந்தான். அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "அண்ணே, நான் சொல்லிட்டுத்தான் போனேன்" என்றான். சொன்னது உண்மைதான், பக்கத்திலிருந்த நண்பனிடம்.

அந்த நான்கு நிமிடங்களுக்குப் பிறகு முறையை மாற்றினேன். இப்போது பட்டியல் என்பது பெயர்களின் வரிசை அல்ல, படகின் வரைபடம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாளில் பத்து வரிசைகள் வரைந்து, இடம் வலம் என்று இருபது கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பெயரும் எண்ணும் எழுதுகிறேன். அதே எண் அவரவர் உயிர்காப்பு அங்கியின் முதுகில் ஒட்டப்படும். அங்கியின் நிறமும் படகுக்குப் படகு வேறு. வேறு நிற அங்கி கிடைக்காவிட்டால் நிற நாடா கட்டினாலும் போதும். எல்லாரும் அமர்ந்த பிறகு முன்னிருந்து பின்னாக எண் சொல்ல வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை அவரவர் குரலில். கடைசியாக முரசும் சுக்கானும் சொல்லும். கரையில் நிற்பவர் வரைபடத்தில் குறித்து 'சரி' என்று கை உயர்த்தினால்தான் கயிற்றை விடலாம். இடம் மாற வேண்டுமானால் மாறலாம், ஆனால் தாளில் மாறிய பிறகு. தாளின் ஒரு பிரதி பாதுகாப்புப் படகிலும் இருக்க வேண்டும். நீர் பட்டாலும் மை கரையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

கரையில் செலவிட வேண்டிய ஒரு மணி நேரம்

பிள்ளைகள் வந்து இறங்கியதும் படகைப் பார்த்துத் துடிப்பார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் உடை. நனைந்த ஜீன்ஸ் காலைக் கட்டிப்போட்ட மாதிரி கனக்கும், ஆகவே சீக்கிரம் காயும் மெல்லிய உடைதான் வேண்டும்; வெயிலுக்கு முழுக்கைச் சட்டை நல்லது. வெறுங்காலோ நழுவும் செருப்போ கூடாது, பழைய மென்காலணி போதும். சங்கிலி, கொலுசு, மோதிரம், தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கோயிலில் கட்டிய கயிறு, சீக்கியப் பிள்ளைகளின் காப்பு போன்றவற்றைக் கழற்றச் சொல்லாமல், மணிக்கட்டுப் பட்டையால் மூடிவிடலாம். மூக்குக்கண்ணாடிக்குப் பின்கயிறு வேண்டும். நீண்ட கூந்தலைப் பின்னி அங்கிக்குள் செருகச் சொல்லுங்கள். கையில் காலில் திறந்த காயம் இருந்தால் நீர்புகா ஒட்டு போடுங்கள்.

அடுத்தது உயிர்காப்பு அங்கி. துடுப்புப் போடத் தோதாகக் கைப்பகுதி அகலமாக வெட்டிய நுரை அங்கிதான் தேவை. நீரில் விழுந்ததும் தானாக ஊதிக்கொள்ளும் வகை இந்த விளையாட்டுக்கு ஆகாது. கவிழ்ந்த படகின் அடியில் இருக்கும்போது அது ஊதிக்கொண்டால், உள்ளிருப்பவரைப் பலகையோடு சேர்த்து அழுத்திவிடும். அங்கியைப் போட்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு, ஒருவர் பின்னால் நின்று தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டூழியரே செய்ய வேண்டும். நண்பர்கள் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது சிரிப்பில் முடிந்துவிடும்.

பிறகு கட்டளைகள். சிங்கப்பூரில் பயிற்றுநர்கள் பொதுவாக ஆங்கிலக் கட்டளைகளையே பயன்படுத்துகிறார்கள்; அவற்றை மொழிபெயர்க்க முயலாமல் அப்படியே கற்றுக்கொடுப்பதுதான் பத்திரம், நீரில் இரண்டு மொழி குழப்பம் தரும். 'பேடல்ஸ் அப்' என்றால் துடுப்பை நீருக்கு மேல் தயாராக வைப்பது. 'லெட் இட் ரன்' என்றால் இழுப்பதை நிறுத்திப் படகை ஓடவிடுவது. 'ஹோல்ட் த போட்' என்றால் துடுப்பை நீரில் செங்குத்தாக ஊன்றிப் படகை நிறுத்துவது. 'பிரேஸ் த போட்' என்றால் துடுப்பின் அகலப் பகுதியை நீர்ப்பரப்பின்மேல் படுக்கையாக அழுத்திப் படகு ஆடாமல் பிடிப்பது. புல்தரையில் இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார வைத்து, இந்த நான்கையும் எதிர்பாராத நேரங்களில் சொல்லிப் பழக்குங்கள். கடைசி இரண்டும் யோசிக்காமல் கை செய்யும்வரை விடாதீர்கள். மற்ற நேர்த்தியெல்லாம் பிறகு வரட்டும்.

கவிழும் பயிற்சி

புதிய குழுவுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். படகு கவிழ்வது பெரும்பாலும் நீரின் நடுவில் அல்ல. மேடையருகே ஏறும்போதும் இறங்கும்போதும், அல்லது எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் படம் எடுத்துக்கொள்ளும்போதுதான். கரையோரம், நெஞ்சளவு நீருக்குச் சற்று ஆழமான இடத்தில், பாதுகாப்புப் படகு பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு குழுவும் ஒருமுறையேனும் தானாகவே படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் பொறுப்பு. முரசடிப்பவருக்கு முதல் வரிசையும் சுக்கானிக்குப் பத்தாம் வரிசையும் பொறுப்பு. நீரில் விழுந்ததும் முதல் வேலை தன் துணையைக் கண்ணால் பார்ப்பது, இரண்டாவது வேலை படகின் விளிம்பைப் பிடிப்பது. துடுப்பு போனால் போகட்டும். படகின் அடியில் சிக்கியவர் பதற வேண்டாம், அங்கே மூச்சுவிடக் காற்று இருக்கும். ஆனால் அங்கி அவரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், பக்கவாட்டு விளிம்பைக் கையால் பிடித்துத் தலையை அமிழ்த்தித் தன்னைக் கீழே இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். இதைச் சொல்லி மட்டும் விடாமல், துணிந்தவர்களைச் செய்து காட்டச் செய்யுங்கள். எல்லாரும் விளிம்பைப் பிடித்ததும் சுக்கானி எண் கேட்பார். ஒன்றிலிருந்து இருபதுவரை குரல் வர வேண்டும். எண்ணிக்கை முடியும்வரை யாரும் படகை நிமிர்த்த முயலக் கூடாது. கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் நீந்திப் போகவும் கூடாது. படகு மூழ்காது, அதைப் பிடித்திருப்பவரைக் கண்டுபிடிப்பதும் எளிது. தனியாக நீந்திப் போகிறவர்தான் எண்ணிக்கையைக் கெடுப்பவர்.

பாதுகாப்புப் படகு ஓட்டுநருக்கும் ஒரு விதி உண்டு: நீரில் இருப்பவர்களை நெருங்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும், அவசர நிறுத்தக் கயிறு எந்நேரமும் அவர் உடலில் கட்டியிருக்க வேண்டும். சுழலும் இயந்திர விசிறியைவிடத் தேங்கிய நீர் பிள்ளைகளுக்குச் சாதுவானது.

நீரில்

ஏறும்போது படகை இருவர் மேடையிலிருந்து பிடித்துக்கொள்ள, நடு வரிசையிலிருந்து தொடங்கி முன்னும் பின்னுமாக, குனிந்தபடி, ஒரு நேரத்தில் ஒருவராக ஏற வேண்டும். எடை மிகுந்தவர்களை நடுவில் அமர்த்தி, ஒரே பலகையில் ஏறக்குறைய ஒத்த எடையுள்ள இருவரைப் போடுங்கள். எடையை எல்லார் முன்னும் கேட்காதீர்கள். பதினாறு வயதில் அது ஒரு பெரிய விஷயம். உயரம் பார்த்துக் கணித்தால் போதும், படகு ஒரு பக்கம் சாய்ந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், தாளிலும்தான். மேடைக்கும் படகுக்கும் நடுவே, இரண்டு படகுகளுக்கும் நடுவே, விரல் போகக் கூடாது. சிறு காயங்களில் நான் மிகுதியாகப் பார்த்தது நசுங்கிய விரலைத்தான்.

முரசடிப்பவராக யாரைப் போடுவது என்பதில் எல்லாக் குழுவிலும் சண்டை வரும், பொதுவாக எடை குறைந்தவருக்கே அந்த இடம் போகும். அவர் உயரமான இருக்கையில், பிடிமானம் குறைவாக, பின்புறம் பார்த்து அமர்ந்திருப்பவர். படகு திடீரென்று நின்றால் முதலில் விழுபவரும் அவரே. எழுந்து நின்று முரசடிப்பது அழகாக இருந்தாலும் அன்று வேண்டாம். முதல் வரிசையின் இடப்பக்கத்தில் அமர்பவருக்கு முன்னே பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: எதிரே எதுவும் தெரிந்தால் துடுப்பை உயர்த்திக் கத்த வேண்டும். சுக்கானியின் குருட்டுப் பகுதிக்கு அவர்தான் கண்.

முதல் அரைமணியில் வேகம் எதையும் கேட்காதீர்கள். நூறு மீட்டர் போய், நிறுத்தி, பின்னோக்கி வந்து, 'பிரேஸ்' செய்து, மறுபடி புறப்படட்டும். அது சீராக வந்த பிறகு இருபது துடுப்பும் ஒரே நேரத்தில் நீரில் இறங்கும் அந்த ஒலி தானாகவே கேட்கும். பிள்ளைகள் அதைக் கேட்டதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு இழுக்கத் தொடங்குவார்கள்.

இறுதியில் சிறு பந்தயம் வைப்பதாக இருந்தால் 200 மீட்டர் போதும். படகுகளுக்கிடையே குறைந்தது ஒரு படகின் நீளம் இடைவெளி விட்டுத் தனித்தனித் தடம் குறியுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால், படகு ஓடி நிற்பதற்கு 100 மீட்டரேனும் வெற்று நீர் இருக்க வேண்டும். வென்ற படகில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள் என்பதை எதிர்பார்த்து, கோட்டைத் தாண்டியதும் 'பிரேஸ் த போட்' என்று சொல்லும்படி சுக்கானிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லாரும் இறங்கிய பிறகு, உடை மாற்றும் அறைக்கு ஓடுவதற்கு முன்பாகவே, மேடையில் நிறுத்தி எண் சொல்லச் செய்யுங்கள். அங்கியைக் கழற்றித் தருபவரின் எண்ணைத் தாளில் அடித்துவிட்டு, அங்கியையும் துடுப்பையும் எண்ணி அடுக்குங்கள். மூன்று தாள்களிலும் கட்டம் எதுவும் அடிபடாமல் மிச்சமில்லை என்று கண்ட பிறகுதான் பாதுகாப்புப் படகு ஓட்டுநரைக் கரையேறச் சொல்ல வேண்டும். நசுங்கிய விரல், மோதவிருந்து தப்பிய படகு, தாமதமாகக் காட்டிய கொடி என்று அன்று நடந்த சின்னச் சின்னத் தவறுகளை அந்தத் தாள்களின் பின்புறத்திலேயே எழுதி, அடுத்த குழுவை அழைத்து வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.